மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே நாய் பிஸ்கட் சுட்டு விற்க: மா பிசைவதிலிருந்து மறுப்புகளைத் தாண்டுவது வரை

நாய்க்குப் பிஸ்கட் சுட்டு விற்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, வழிசொல்ல எங்கள் ஊரில் யாரும் இருக்கவில்லை. செய்முறை தேடினால் கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ கிடைக்காத பொருட்களாக வந்தன. பதிவு பற்றி விசாரித்தால், ஓர் அலுவலகம் இது உணவு என்று இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே இது உணவே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். இவை எல்லாவற்றையும்விடக் கடை வாசல்களில் கேட்ட "வேண்டாம்" தான் அதிகம் களைக்கச் செய்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் மாவுக்கும் சூட்டுக்கும் கொடுத்த அளவு இடத்தை மறுப்புக்கும் கொடுத்திருக்கிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பலர் பெயரும் சின்னமும் தேடுவதில் தொடங்குகிறார்கள். அது ஆறாவது படிக்குரிய வேலை.

1. சேர்க்கக் கூடாதவற்றை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்

நமக்கு நல்லதெல்லாம் நாய்க்கு நல்லதல்ல. சாக்லேட், கொக்கோ, கோப்பி, தேயிலைத் தூள், திராட்சை, கேக்குக்குப் போடும் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), வெங்காயம், உள்ளி, சாதிக்காய், மதுசாரம், சுடாத ஈஸ்ட் மா ஆகியவை ஒரு துளியும் கலக்கக் கூடாது. வெங்காயமும் உள்ளியும் பச்சையாக இருந்தாலும், அவித்தாலும், பொரித்தாலும், தூளாக இருந்தாலும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஆகவே கறிக்குழம்பும் கடையில் விற்கும் சூப் கட்டியும் கூடாது; சூப் கட்டியில் வெங்காயத் தூளும் உப்பும் இருக்கும்.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது சைலிட்டோல் (xylitol) என்ற இனிப்பு. சீனி சேர்க்காதது என்று சொல்லி விற்கும் சுவிங்கம், இனிப்பு வகைகள், சில பீனட் பட்டர் போத்தல்கள் ஆகியவற்றில் இது இருக்கும். மிகச் சிறிய அளவே நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்திவிடும். பீனட் பட்டர் சேர்ப்பதாக இருந்தால் போத்தலின் பின்பக்கத்தை முழுவதும் வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் நீங்களே கச்சான் வறுத்து அரையுங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் தொடவே வேண்டாம். அவற்றில் உருவாகும் அஃப்ளடொக்சின் நஞ்சு சுட்டாலும் போகாது, நாயின் ஈரலைத் தாக்கும்.

உப்பு, சீனி, வாசனைத் திரவம், நிறம் எதுவும் தேவையில்லை. கருவாடு சேர்த்தால் நாய் ஓடி வரும் என்று சொல்வார்கள். ஓடி வரும்தான், ஆனால் உப்பு மிகையாகிவிடும். எருமைத் தயிர் நம்மிடம் தாராளமாக இருக்கிறதே, சேர்த்தால் என்ன என்றும் கேட்பார்கள். பாற்பொருட்கள் பல நாய்களின் வயிற்றுக்கு ஒத்துவருவதில்லை. பிஸ்கட்டில் ஈரமும் கூடிவிடும். நான் சேர்ப்பதில்லை.

2. அவனும் (oven) தராசும்

முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. கோப்பைக் கணக்கில் அளந்தால் இன்று வந்த பிஸ்கட் நாளை வராது. இரண்டாவது, அவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி. வீட்டு மின் அவன்களில் திருகி காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எலும்பு வடிவ அச்சு இப்போது வேண்டாம். கத்தியால் வெட்டிய சதுரத்தைத்தான் நாய் இன்னும் விரைவாகத் தின்னும்.

அவன் இல்லாதவர்கள் பக்கத்து பேக்கரியில் காலைப் பாண் இறங்கியபின் போறணைச் சூட்டைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. நாய்த் தீனி அங்கே சுடப்படுவது தெரிந்தால் பேக்கரிக்காரரின் வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கக்கூடும். இன்னொன்று, அந்தத் தட்டுகளில் பிளம்ஸும் சாக்லேட்டும் ஒட்டியிருக்கலாம். தட்டையாவது உங்களுடையதாகக் கொண்டுபோங்கள்.

மின்செலவை ஊகிக்காதீர்கள். அவனைப் போடுமுன் மின்மானியைப் பாருங்கள், அணைத்தபின் மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் அந்தத் தொகுதிக்கான அலகு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், மாதத்தில் பல தடவை சுடத் தொடங்கியதும் வீட்டின் மொத்தப் பாவனை அடுத்த படிக்குப் போய்விடக்கூடும். விலை போடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

3. தொடங்குவதற்கு இரண்டு செய்முறைகள் போதும்

பூசணி பிஸ்கட்: ஆட்டா மா 250 கிராம், அரிசி மா 100 கிராம், அவித்து மசித்த பூசணி 150 கிராம், முட்டை 1. பூசணியை நீராவியில் அவித்து, துணியில் வைத்துப் பிழிந்து, அதன்பின் நிறுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையும்போது உதிர்ந்தால், உப்பில்லாமல் கோழி அவித்த நீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேருங்கள். ரொட்டி மாவை விட இறுக்கமாக இருக்க வேண்டும். அரைச் சென்டிமீற்றர் தடிப்புக்கு உருட்டி, சிறிய சதுரங்களாக வெட்டி, முள்ளுக்கரண்டியால் குத்துங்கள். 170 பாகை செல்சியஸில் 25 நிமிடங்கள் சுட்டு, புரட்டிவிட்டு, சூட்டை 100 பாகைக்கு இறக்கி மேலும் ஒன்றரை மணித்தியாலம் காயவிடுங்கள். அணைத்தபின் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள்.

மீன் பிஸ்கட்: குரக்கன் மா 150 கிராம், ஆட்டா மா 150 கிராம், உப்பில்லாமல் அவித்து முள் முழுவதும் எடுத்த மீன் 150 கிராம், முட்டை 1, மீன் அவித்த நீர் தேவைக்கு. சூரை போன்ற பெரிய முள் மீன் எடுத்தால் முள் பொறுக்குவது எளிது. குரக்கன் மட்டும் போட்டால் பிஸ்கட் பொடியாகிவிடும். பிடித்து வைக்க ஆட்டா வேண்டும். குரக்கன் கறுப்பாக இருப்பதால் வெந்ததை நிறத்தால் அறிய முடியாது, அடுத்த படியில் சொல்லும் நிறுவை முறையை நம்புங்கள். மீன் எண்ணெய் கெடும் என்பதால் இதன் ஆயுள் பூசணி பிஸ்கட்டைவிடக் குறைவு.

கோழி ஈரல் சேர்த்தும் செய்யலாம், மணம் மிக நன்று. ஆனால் ஈரலில் விட்டமின் ஏ அதிகம், நாளாந்தம் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு அது ஏற்றதல்ல. அதைப் பழக்குவதற்கான சிறு துண்டுகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறு மணிக்கு மா பிசையத் தொடங்கினால் மதியத்துக்கு முன் ஆறிவிடும். இடையில் மின்சாரம் நின்றால், முதல் 25 நிமிடம் முடியாத மாவை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெதுவெதுப்பில் வைத்திருந்து மறுபடி சுடாதீர்கள். முட்டையும் மீனும் உள்ள மா நம் வெக்கையில் விரைவாகக் கெடும். மனம் வலித்தாலும் கொட்டிவிடுங்கள்.

4. ஈரம்தான் உங்கள் முதல் எதிரி

கடற்கரைக் காற்றும் வாவிக் காற்றும் சேரும் ஊர் நம்முடையது. கடையில் வாங்கும் பிஸ்கட்டே திறந்து வைத்தால் மாலைக்குள் நமத்துவிடுகிறது. வீட்டில் சுட்டதில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால், உள்ளே சிறிது ஈரம் நின்றாலும் பூஞ்சணம் வரும். அது வருவதும் நமக்குத் தெரியாமல், வாங்கியவரின் வீட்டில் வரும்.

பரிசோதனை எளிது. ஒரு தட்டு பிஸ்கட்டை நிறுங்கள். மேலும் அரை மணித்தியாலம் 100 பாகையில் வையுங்கள். மறுபடி நிறுங்கள். எடை இறங்கியிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இறங்காமல் நிற்கும் வரை செய்யுங்கள். பிறகு ஒன்றைக் கையால் உடைத்துப் பாருங்கள். சத்தத்தோடு உடைய வேண்டும், ஆனால் கையால் உடைக்கவே முடியாத கடினம் நாயின் பல்லைப் பெயர்க்கும்.

அடுத்து, விற்பதற்கு முன் ஆயுளைப் பரிசோதியுங்கள். ஒரே தொகுதியிலிருந்து சில பொதிகளைத் திகதி எழுதி வெவ்வேறு இடங்களில் வையுங்கள்: ஒன்று சமையலறைத் தட்டில், ஒன்று வெயில் படும் யன்னலோரம், ஒன்று அலமாரிக்குள். கிழமைக்கு ஒன்றாகத் திறந்து மணத்தையும் உடையும் சத்தத்தையும் குறித்துவையுங்கள். முதலில் கெட்ட பொதி எத்தனை கிழமை தாங்கியதோ, அதில் பாதியைத்தான் லேபலில் ஆயுளாகப் போட வேண்டும். இதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பொறுமையாக இருங்கள், இதே மாதத்தில் ஐந்தாவது, ஆறாவது படிகளைச் செய்துகொள்ளலாம். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எடுத்த முடிவை மாரிக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள்.

5. நாயின் மறுப்பு

நீங்கள் சந்திக்கப்போகும் முதல் மறுப்பு இது. மணந்து பார்க்கும், வாயில் எடுக்கும், தரையில் போட்டுவிட்டு உங்களைப் பார்க்கும். நம் ஊர் நாய்கள் சோறும் மீன் தலையும் தின்று பழகியவை. உலர்ந்த, கடினமான, உப்பில்லாத ஒன்றைத் தீனி என்று அவை உடனே ஒத்துக்கொள்வதில்லை. இதில் மனம் சோர ஒன்றுமே இல்லை, ஏனென்றால் நாய் காரணத்தை மறைக்காது. கொஞ்சம் உடைத்து வெந்நீரில் நனைத்துக் கொடுங்கள். தின்றால் கடினம்தான் சிக்கல், அடுத்த தடவை தடிப்பைக் குறையுங்கள். நனைத்தும் தின்னாவிட்டால் மணம் போதவில்லை, பூசணி பிஸ்கட்டில் கோழி அவித்த நீரைக் கூட்டுங்கள். சோறு வைத்த கையோடு கொடுத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; பசி வரும் நேரத்துக்குச் சற்று முன் கொடுங்கள். ஆனால் ஒரு நாய் பிஸ்கட்டை மட்டுமல்ல, எல்லா உணவையும் ஒரு நாளுக்கு மேல் மறுத்தால் அது உங்கள் பிஸ்கட்டின் குறை அல்ல. சொந்தக்காரரிடம் கால்நடை வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாயோடு நிறுத்தாமல் உறவினர், அயலவர் வீடுகளிலும் கொடுத்துப் பாருங்கள். சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் எந்த நாய்க்கும் கொடுக்க வேண்டாம். நீரிழிவு, சிறுநீரக நோய், கணைய அழற்சி உள்ளதா என்று கேளுங்கள், இருந்தால் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் ஒரு சிறு துண்டு மட்டும். அடுத்த ஒரு நாள் வாந்தி, வயிற்றோட்டம், சொறி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தெரியாத நாயின் வாயருகே உங்கள் கையைக் கொண்டுபோகாதீர்கள். சொந்தக்காரர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். விசர்நாய்க்கடி நோய் வந்தபின் மருந்து இல்லை.

எவ்வளவு கொடுக்கலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். நாளுக்குரிய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது என்பது கால்நடை வைத்தியர்கள் சொல்லும் பொது அளவு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை, ஆகவே தின்பண்டத்துக்கு 60. உலர்ந்த பிஸ்கட் ஒரு கிராமில் ஏறத்தாழ 4 கலோரி இருக்கும். அதாவது நாளுக்கு 15 கிராம். 5 கிராம் பிஸ்கட் என்றால் மூன்று. இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். கடையில் உங்களை நம்பச் செய்யப்போவது இதுதான்.

6. ஆவணங்கள்

இரண்டு பாதைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் வியாபாரப் பெயருக்கான பதிவு ஒன்று, நீங்கள் விற்கும் பொருளுக்கான ஒழுங்கு இன்னொன்று.

பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம் போக வேண்டும். கல்லடிக்கும் நகருக்கும் மண்முனை வடக்கு, ஆரையம்பதிக்கு மண்முனைப்பற்று, செங்கலடிக்கு ஏறாவூர்ப்பற்று, களுவாஞ்சிகுடிக்கு மண்முனை தெற்கு எருவில்பற்று என்று உங்கள் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறதோ அங்கே. பொதுவாகக் கேட்கப்படுபவை: நிரப்பிய விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வியாபாரம் நடக்கும் இடத்துக்கான உறுதி அல்லது வாடகை ஒப்பந்தப் பிரதி, சோலை வரிப் பற்றுச்சீட்டு. வீடு பெற்றோர் பெயரில் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். திரும்பி வரச் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு கடிதத்துக்காகத்தான். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, இருக்கும் நாட்களை முதலில் கேட்டறிந்துவிட்டுப் போங்கள். மூலப் பிரதிகள், இரண்டு செற் நிழற்பிரதிகள், சில்லறைக் காசு மூன்றும் பையில் இருக்கட்டும். கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ் கிடைத்தபின்தான் வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்க முடியும்.

பொருளைப் பொறுத்தவரை, விலங்குத் தீவனத்தை உற்பத்தி செய்வதும் விற்பதும் இலங்கையில் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதைப் பார்த்துக்கொள்வது பேராதனையில் தலைமையகம் உள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம். நேரே பேராதனைக்குப் பஸ் ஏற வேண்டாம். முதலில் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், பொருளின் பெயர், சேர்மானப் பட்டியல், மாதத்துக்கு எத்தனை கிலோ செய்யப்போகிறீர்கள் என்பவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, எந்தப் பதிவு தேவை என்று கடிதமாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பதில் வரும். எழுத்தில் கொடுத்த கேள்விக்குப் பதில் தேட அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. உங்கள் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள். வீட்டில் தொழில் செய்ய உள்ளூராட்சி உரிமம் வேண்டுமா என்பதை நகரில் இருப்பவர்கள் மாநகர சபையிலும் மற்றவர்கள் தங்கள் பிரதேச சபையிலும் இதே முறையில் கேட்க வேண்டும்.

பிரதேச செயலகத்திலேயே சிறுதொழில் முயற்சிக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பயிற்சி, கண்காட்சி, சந்தை பற்றிய செய்திகள் அவர்களிடம்தான் முதலில் வருகின்றன. பதிவுக்குப் போகும் அன்றே அவர்களையும் பார்த்து உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

7. விலை

மேலே சொன்ன பூசணித் தொகுதி மாவாக 550 கிராம் இருக்கும். காய்ந்தபின் 400 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். மாவின் எடையை வைத்து விலை போட்டவர்கள் இங்கேயே நட்டப்படுகிறார்கள். 360 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 80 கிராம் பொதிகள் நான்கு, மீதி 40 கிராம் உடைசலும் மாதிரியும்.

செலவை உதாரணத்துக்கு இப்படி எடுப்போம்: பொருட்கள் 400 ரூபா, மின்சாரம் 120, பையும் லேபலும் 140, போக்குவரத்தும் தொலைபேசியும் 60, உங்கள் ஒன்றரை மணித்தியாலக் கைவேலை 300. மொத்தம் 1,020, ஒரு பொதிக்கு 255 ரூபா. கைவேலையைக் கணக்கில் விடாதீர்கள். வீட்டில் இருந்து செய்வதுதானே என்று அதை விட்டுவிட்டால், ஓர் உதவியாளர் தேவைப்படும் நாளில் விலையை ஏற்ற முடியாமல் தவிப்பீர்கள்.

இனிக் கடைக்காரரின் பங்கு. அவருக்கு விற்பனை விலையில் 20 வீதம் கொடுப்பதாக இருந்தால், 255உடன் 20 வீதம் கூட்டி 306 என்று போடுவது பொறி. 306இல் 20 வீதம் 61 ரூபா. உங்கள் கைக்கு வருவது 245, அதாவது செலவுக்கும் கீழே. 255ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், விடை 319. அதன்மேல் திரும்பி வரும் பொதிகளுக்காகவும் ஒரு சிறு தொகை வையுங்கள். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கை ஒவ்வொரு மாதமும் புதிதாகச் செய்யுங்கள், முட்டை விலை ஒரு மாதம் நிற்பதில்லை. ஒரே சூட்டில் இரண்டு தட்டு வைத்தால் மின்சாரமும் கைவேலையும் பொதிக்கு வெகுவாகக் குறையும். இலாபம் அங்கேதான் இருக்கிறது.

8. பையும் லேபலும்

காற்றுப் புகாத, மறுபடி மூடக்கூடிய பை. லேபலில் பொருளின் பெயர், சேர்மானங்கள் எல்லாம், நிகர எடை, தொகுதி இலக்கம், செய்த திகதி, முடியும் திகதி, அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி ஆகியவை இருக்கட்டும். "நாய்களுக்கு மட்டும், மனிதர் உண்பதற்கு அல்ல" என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக அச்சிடுங்கள். பிஸ்கட் படத்தைப் பார்த்துச் சிறுபிள்ளை எடுத்துவிடும் என்ற பயம் கடைக்காரர்களுக்கு உண்மையாகவே உண்டு.

சொறியைத் தீர்க்கும், பூச்சியைப் போக்கும் என்றெல்லாம் எழுதாதீர்கள். அது மருந்துக்கான உரிமை கோரல். ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் போட்டால் நாய் அதையும் விழுங்கிவிடும் என்ற எச்சரிக்கை வேண்டும். நான் அவற்றைப் போடாமல் நன்கு காயவைப்பதையே விரும்புகிறேன்.

9. கடைக்குப் போவதும் "வேண்டாம்" என்பதைக் கேட்பதும்

இங்கே நிதானமாக வாசியுங்கள்.

நீங்கள் கேட்கப்போகும் வசனங்கள் ஏறத்தாழ இவைதான். "மனிதருக்கே பிஸ்கட் வாங்கக் காசில்லை தங்கச்சி, நாய்க்கு யார் வாங்குவார்கள்?" "எங்கள் நாய் மிச்சச் சோறுதான் தின்னும்." "இறக்குமதிச் சாமானே நகரவில்லை." "இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்தால் யார் பொறுப்பு?" வீட்டில் இன்னொன்று கேட்கும்: "இவ்வளவு படித்துவிட்டு நாய்க்குச் சமைக்கவா போகிறாய்?"

இவை ஒரே மறுப்புகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேர் இருக்கிறது. முதலாவது காசு பற்றியது, அதிலும் 2022இன் நெருக்கடியைக் கடந்து வந்தவர்களின் வாயிலிருந்து வருவது. அதில் நியாயம் இருக்கிறது, எதிர்வாதம் செய்யாதீர்கள். அந்தக் கடை உங்கள் வாடிக்கையாளர்கள் வரும் இடம் அல்ல என்பதை மட்டும் அது சொல்கிறது. இரண்டாவது பழக்கம் பற்றியது. மூன்றாவது விலை பற்றியது. சிறிய பொதி போட்டால் மாறக்கூடும். நான்காவதுதான் பொன். அந்த மனிதர் வாங்க யோசிக்கிறார், பொறுப்பைப் பற்றித்தான் கேட்கிறார். நாலாம் படியில் எழுதிய குறிப்புக் கொப்பியை அவர் முன்னால் திறந்து, எந்தப் பொதி எங்கே எத்தனை கிழமை இருந்தது என்று காட்டுங்கள்.

இதைப் பிரித்தறியக் கடையை விட்டு இறங்கியதும் மூன்று விடயங்களை எழுதுங்கள்: யார் மறுத்தது, என்ன சொன்னார், அது விலைக்கா பொருளுக்கா நேரத்துக்கா நம்பிக்கைக்கா. மனத்தில் வைத்திருந்தால் மறுப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கயிறாகிவிடும். எழுதினால் தனித்தனி நூலாகத் தெரியும். நிறைய எழுதியபின் பாருங்கள். "நீ வேண்டாம்" என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

போகும் நேரம் முக்கியம். மாதக் கடைசியில் போக வேண்டாம். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக்கு முந்திய நாட்களில் கடைக்காரருக்கு உங்களைப் பார்க்கவே நேரமிராது. காலையில் கடை திறந்த கையோடு போனாலும் முதல் வியாபாரம் ஆகுமுன் மறுக்கத்தான் தோன்றும். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், கடையில் ஆள் குறைந்த வேளையில் போங்கள். நேரே விற்கக் கேட்காமல், "உங்களிடம் நாய்க்கு ஏதாவது கேட்டு யாராவது வருகிறார்களா?" என்று தொடங்குங்கள்.

மறுத்தால் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எதை மாற்றிக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்பீர்கள்?" பதில் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். வராவிட்டால் நன்றி சொல்லி, ஒரு மாதிரிப் பொதியை வைத்துவிட்டு இறங்குங்கள். அந்த இடத்திலேயே விலையைக் குறைத்துக் காட்டாதீர்கள். குறைத்த விலைதான் இனி உங்கள் விலை, அடுத்த தெருக் கடைக்கும் அது எட்டிவிடும்.

காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் நாய் தொடர்பான பொருளைக் கடையில் வைக்கப் பெரும்பாலான கடைக்காரர்கள் விரும்பமாட்டார்கள். தூய்மை பற்றிய மார்க்க ஒழுங்கு அது. அங்கே வற்புறுத்துவது முறையல்ல, அந்த மறுப்பை உங்கள் கொப்பியில் எழுதவும் தேவையில்லை. பொருள் வாங்க அதே கடைகளுக்குத்தான் போகப்போகிறீர்கள், மரியாதை இருபக்கமும் நிற்கட்டும்.

ஒரு நாளில் பல கடைகளுக்கு ஏறி இறங்காதீர்கள். இரண்டு, மூன்று போதும். வரிசையையும் யோசித்து அமையுங்கள்: முதலில் தெரியாத கடைகள், கடைசியில் உங்களை அறிந்த ஒருவர். ஏற்கெனவே உங்கள் பிஸ்கட் தின்னும் நாய் உள்ள வீடாக அது இருந்தால் மிக நல்லது. அந்த வீட்டில் படலையைத் திறக்குமுன்பே வாலாட்டிக்கொண்டு ஓடி வரும் ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, பகலில் கேட்டவற்றின் பாரம் பாதியாகிவிடும். இது ஆறுதல் வார்த்தை அல்ல, நான் இன்றும் செய்வது. சோர்வாக இருக்கும் கிழமையில் கடைக்கே போக வேண்டாம், சுடுங்கள், பரிசோதியுங்கள். வேலை நின்றுபோகாமல் இருப்பதே அந்தக் கிழமைக்குப் போதும்.

நம் மாவட்டத்தில் இந்தப் பொருளைப் பலர் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை மறுப்பது இயல்பு. ஆகவே பார்த்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். தனியார் கால்நடை வைத்திய நிலையங்கள், மீன்தொட்டியும் கிளிக்கூடும் விற்கும் செல்லப்பிராணிக் கடைகள், வளர்ப்பு இன நாய் வைத்திருக்கும் வீடுகள் முதலில். பிறகு சுற்றுலாக் கடற்கரைகளான பாசிக்குடா, அறுகம்பை. அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ சித்திரை முதல் ஐப்பசி வரை. அங்கே மாதக் கணக்கில் தங்குபவர்களில் தெருநாய்களைப் பராமரிப்பவர்களும் இருக்கிறார்கள். பருவம் தொடங்க ஒரு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள், பருவத்தின் நடுவில் விடுதிக்காரர்களைப் பிடிக்க முடியாது.

10. முதல் கடை சம்மதித்த பிறகு

விற்றபின் காசு என்ற முறையில்தான் முதலில் எடுப்பார்கள். சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் எத்தனை பொதி, எந்தத் தொகுதி, எந்தத் திகதி என்று இரு பிரதிகளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முதல் தடவை ஆறு பொதிக்கு மேல் வைக்க வேண்டாம். மனிதர் தின்னும் பிஸ்கட் தட்டில் வைக்காமல் சவர்க்காரம், நுளம்புச்சுருள் பக்கமும் வைக்காமல் தனியிடம் கேளுங்கள், பிஸ்கட் மணத்தை உறிஞ்சும்.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள். முடியும் திகதிக்கு ஒரு கிழமை முன் விற்காத பொதிகளைத் திருப்பி எடுங்கள். அவற்றை வேறு பையில் போட்டு இன்னொரு கடைக்குக் கொடுக்காதீர்கள். பையைத் திறந்து மணந்து பார்த்து, நன்றாக இருப்பவற்றை உங்கள் நாய்க்கு வைத்துக்கொண்டு, ஐயம் தருபவற்றைப் புதைத்துவிடுங்கள். தெருநாய்க்கும் போட வேண்டாம், பூஞ்சணம் அதன் வயிற்றையும் கெடுக்கும். திரும்பி வந்த எண்ணிக்கையைக் கடையின் பெயருக்கு நேரே எழுதி, அடுத்த தடவை அந்தக் கடைக்கு அவ்வளவு குறைத்து வையுங்கள். முன்பு மறுத்து, எதை மாற்ற வேண்டும் என்று சொன்ன கடைகளுக்கு இரண்டு மாதம் கழித்து அந்த மாற்றத்தோடு போங்கள், விற்பனையான கடையின் கையொப்பச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.